புது டயர் தரை தொடும் நேரம்

சாருலதா அப்பா வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஐந்து வயது சுஷ்மா. அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

அவள் புருஷன் ஜெயராம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பள்ளிக்கூட வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அதை நாலு மாதம் மறைத்து, தினமும் காலையில் டிபன் கேரியரோடு கிளம்பிப் போய் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தான். வேலை போனதுகூட சாருவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காலை நாலரைக்கு எழுந்து அவள் கட்டிக்கொடுத்த அந்த டிபன் கேரியர்தான் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த ஜெயராம் போன சனிக்கிழமை போன் செய்தான். கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சாமான் வேனோடு கிளம்புகிறானாம். அதற்குள் இருவரும் குடியிருந்த கீழக்குயில்குடி வாடகை வீட்டுக்கு வந்தால் நேரில் பேசலாம், வராவிட்டால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்றான்.

"போய்ப் பேசிட்டு வாரேன்" என்று மட்டும்தான் சாரு வீட்டில் சொன்னாள். வெறுமனே பேசிவிட்டு வருகிறவள் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு லீவு லெட்டர் எழுத வேண்டும்? அவள் அப்பா சுப்பராமனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலை பத்து மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், சேக் மைதீனின் டயர் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் சுப்பராமன். மின்வாரிய ஆபீஸிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்ற மனிதர். எதிரில் சாருவின் ஸ்கூட்டர் நடு ஸ்டாண்டில் நின்றது. முன்பக்கம் அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துத் தூக்கியிருந்ததால் இரண்டு சக்கரமும் தரையில் படவில்லை.

பத்து நாளைக்கு முன் மழையில் பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் வண்டி வழுக்கி, சுஷ்மாவுக்கு முழங்கை சிராய்த்துவிட்டது. அன்று குனிந்து பார்த்தார். டயர் இரண்டும் மொட்டை. "நானே மாத்தித் தாரேன்" என்று அப்போதே வாக்குக் கொடுத்தார். ஜெயராமின் போன் வந்த பிறகு அந்த வாக்கு நொண்டத் தொடங்கியது. திங்கட்கிழமை தலைவலி. செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் வேண்டாம். புதன்கிழமை மழை வருகிற மாதிரி இருந்தது. வியாழக்கிழமை ராத்திரி சாரு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"டயர் மாத்தினாலும் மாத்தாட்டியும் நாளைக்கு இதே வண்டியிலதான்பா நான் போவேன்."

மொட்டை டயரில் பேத்தியை அனுப்ப அவருக்கு மனம் வருமா? வராது. காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மைதீன் வேலையில் கெட்டி. லிவரைக் கொடுத்துப் பழைய டயரை நெம்பி எடுத்தார். ரிம்மைத் துடைத்தார். புது டயரைத் திருப்பி, ஓரத்தில் பொறித்திருந்த நாலு எண்ணைக் காட்டினார்.

"பாத்துக்கங்க சார். இது எந்த வாரம், எந்த வருசம் செஞ்சதுன்னு இதுல இருக்கு. மூணு மாசச் சரக்கு. பழைய ஸ்டாக்கை நம்ம கடையில மாட்ட மாட்டோம்."

விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, அம்புக்குறி முன்னால் பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து, காற்றை ஏற்றினார். டப் டப்பென்று விளிம்பு ரிம்மில் போய் உட்கார்ந்தது. பின் சக்கரம் முடிந்தது. முன் சக்கரத்தையும் மாட்டி, நட்டைக் கையால் திருகினார்.

"இனிமே வண்டியத் தரையில இறக்கி, ஸ்பானரைப் போட்டு இறுக்குனா முடிஞ்சது. சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது சார். தரையில நின்னு, ரெண்டு அமுக்கு அமுக்கிட்டுத்தான் இறுக்கணும். எங்க அத்தா காலத்துப் பழக்கம்."

சுப்பராமன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு.

"பாய், ஒரு நிமிஷம். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. புது டயர் இப்ப தரையில படக் கூடாது. பன்னெண்டு வரைக்கும் அப்படியே கட்டை மேலயே நிக்கட்டும்."

மைதீனுக்கு இது புதிதில்லை. வெள்ளிக்கிழமையானால் இப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு பேராவது வருவார்கள். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"உங்க இஷ்டம் சார். எலுமிச்சம்பழம் வாங்கிட்டீகளா?"

சுப்பராமன் உடனே எழுந்து போய் இரண்டு பழம் வாங்கி வந்து கடைத் திண்டில் வைத்தார்.

இந்த மனிதரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ராகு காலத்தில்தான் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. மனைவி ஸ்யாமளா வாசலிலேயே மறித்தபோது, "ராகுவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று சிரித்தவர் இவர்தான். இன்றைக்கு அவருக்கு ராகு தேவைப்பட்டார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றரை மணி நேரம் கையில் கிடைத்தது. ஒரு மணிக்கு வேன் போய்விடும். ஜெயராமும் போய்விடுவான். சுஷ்மா வழக்கம்போல் மூன்றரைக்கு அவர் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்பாள். அவர் கணக்கு அம்புட்டுத்தான்.

மகளுக்குப் போன் போட்டார்.

"சாரு, ராகு காலம் வந்துருச்சும்மா. பன்னெண்டு மணிக்கு மேல எடுத்துக்கோ."

"என்னப்பா இது? பதினோரு மணிக்குன்னு சொன்னீங்க."

"குழந்தை உக்காந்து போற வண்டிம்மா. நல்ல நேரம் பாக்க வேணாமா?"

"சரி, பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு மைதீன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், இன்னைக்கு ஜும்மா. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகணும். ஒன்றரைக்கு வந்து இறக்கி இறுக்கிக் குடுத்துர்றேன். முன் சக்கர நட்டு கை இறுக்குலதான் நிக்குது. அதுவரைக்கும் யாரும் வண்டிய எடுத்துறக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்."

"நான் இருக்கேன் பாய். சாவி எங்கிட்டதான் இருக்கு."

ஒன்றரை! ராகு கொடுத்தது போதாதென்று அதற்கு மேலும் ஒன்றரை மணி நேரம். சாருவைக் கூப்பிட்டு "பன்னெண்டு இல்லம்மா, ஒன்றரை" என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். சொன்னால் அவள் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுவாள். அதனால் சொல்லவில்லை. அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவும் பயமாக இருந்தது. எழுந்து தெருமுனை டீக்கடைக்குப் போய், தூணுக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு ஐந்துக்குப் போன் அடித்தது. திரையில் சாரு. எடுக்கவில்லை. பன்னிரண்டு எட்டுக்கு மறுபடியும் அடித்தது. சத்தத்தை அமுக்கிப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.

பன்னிரண்டு இருபதுக்கு மனது கேட்காமல் கடைக்குத் திரும்பினார்.

கடை வாசலில் மரக்கட்டை மட்டும் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தன.

உள்ளே மைதீனின் மனைவி ஷாஹீதா டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியத்தில் கடையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"வண்டி எங்கம்மா?"

"உங்க மக வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களே சார். பன்னெண்டு மணிக்கு எடுத்துக்கச் சொன்னீகளாம். உங்களுக்கு ரெண்டு தடவ அடிச்சாங்க, நீங்க எடுக்கல."

"சாவி எங்கிட்டல்ல இருக்கு!"

"அவங்க கையில ஒண்ணு வச்சிருந்தாங்க. ஆட்டோக்காரர் ஒருத்தர்தான் கட்டையிலேருந்து இறக்கிக் குடுத்தாரு. பழத்தை நான்தான் எடுத்து டயருக்கு அடியில வச்சேன்." அவர் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "ஏன் சார்? என்னாச்சு?"

சுப்பராமனுக்கு வீட்டு ஆணியில் தொங்கும் இரண்டாவது சாவி இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"முன் சக்கரம்... பாய் இன்னும் இறுக்கலை."

"யா அல்லா!" என்றாள் ஷாஹீதா. அவள் கை ஏற்கெனவே போனில் இருந்தது.

மைதீனின் வீடு இரண்டு சந்து தள்ளி. இரண்டே நிமிடத்தில் பைக்கில் வந்து நின்றார். வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி, ஈரம் காயாத தாடி. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. ஷாஹீதா அந்தத் திசையைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"தொழுகை அப்புறம் தொழுதுக்கிறேன். அந்த ஸ்பானர் பையை எடு" என்றார் மைதீன். "எந்தப் பக்கம் சார் போயிருக்காங்க?"

"கீழக்குயில்குடி. தேனி ரோடு வழியா."

"குழந்தையும் கூடவா?"

"முன்னாடிதான் நிப்பா" என்றார் சுப்பராமன்.

பின்னால் ஏறி உட்கார்ந்து சாருவுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போனைப் பைக்குள் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவாள். வைக்கச் சொல்லிப் பழக்கியதே அவர்தான். மறுபடி அடித்தார். மறுபடி.

காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எண்பது நொடி. சுப்பராமன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சிக்னலைப் பார்த்ததில்லை.

"எம்புட்டுத் தூரம் தாங்கும் பாய்?"

"சொல்ல முடியாது சார். நட்டு ஒவ்வொரு மரையாக் கழண்டு வரும். ஹேண்டில் பார் ஆட ஆரம்பிக்கும். மெதுவாப் போறவங்கன்னா அப்ப தெரிஞ்சு நிறுத்திருவாங்க."

வேகமாகப் போகிறவர்கள் என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டிய பெண் மெதுவாகவா போவாள்? அவசரப்படுத்தியது யார் என்று சுப்பராமனுக்குத் தெரியும். சாமியே, என் கையைக் காலை எடுத்துக்கோ, அதுக ரெண்டையும் விட்டுரு என்று வாய்விட்டே வேண்டினார்.

சிக்னல் தாண்டியதும் மைதீன் தலையைத் திருப்பாமல் கேட்டார். "எடுக்க வேணாம்னு நான் சொன்னேன்ல சார்?"

"சொன்னீங்க பாய்."

மைதீன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

அச்சம்பத்துக்கிட்டே சாலையோரம் ஒரு கூட்டம். சுப்பராமன் பைக் முழுவதும் நிற்பதற்குள் குதித்து, செருப்பு ஒன்று கழன்று விழ, ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். சரக்கு வண்டியில் தக்காளி மலிவாக விற்றுக்கொண்டிருந்தார்கள். "வரிசையில வாங்க பெரியவரே" என்று யாரோ அதட்டினார்கள். திரும்பி ஓடி வந்து ஏறினார்.

பதின்மூன்றாவது தடவை அடித்தபோது மணி போகவில்லை. நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது பதிவுக் குரல்.

"பாய்! பேசிக்கிட்டிருக்கா! யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்கா!" என்று நடுரோட்டில் கத்தினார். பேசுகிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள். அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. இத்தனை தவறிய அழைப்பைப் பார்த்தும் அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறாள்.

நாகமலை புதுக்கோட்டை தாண்டி, கீழக்குயில்குடி போகும் சாலையில் திரும்பி ஒரு கிலோமீட்டரில் ஸ்கூட்டர் நின்றது. தூரத்தில் சமணர் மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வேலி மர நிழலில் சுஷ்மா பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். சாருவின் முழங்கையில் மண் அப்பியிருந்தது, துப்பட்டா கிழிந்திருந்தது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டிங் பிளேயரை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன் ஜெயராம்.

"தாத்தா, வண்டி தடதடன்னு ஆடுச்சு. அம்மா என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வேலிப்பக்கம் சாஞ்சுட்டாங்க. எனக்கு ஒண்ணுமே ஆகல" என்றாள் சுஷ்மா.

சுப்பராமன் பேத்தியை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மகள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

"தம்பி, கொஞ்சம் நகருங்க. நான் பாக்குறேன்" என்று மைதீன் வெள்ளை ஜிப்பாவோடு புழுதியில் மண்டியிட்டார். நட்டைத் தொட்டுப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு மரைதான் புடிச்சிருந்திருக்கு."

ஜெயராமுக்குப் புரிந்துவிட்டது. "நீங்கதான் மெக்கானிக்கா?" என்று எழுந்தான். "இறுக்காமக் குடுத்திருக்கீங்க! என் பொண்ணு முன்னால நின்னுக்கிட்டு வந்திருக்கா. பின்னாடி ஒரு லாரி வந்திருந்தா என்னய்யா ஆகியிருக்கும்? போலீஸ்ல எழுதிக் குடுக்குறேன். உங்க கடைய மூட வைக்காம விட மாட்டேன்!"

மைதீன் ஸ்பானரைப் போட்டு இறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"எந் தப்புதான் தம்பி. இறுக்காத வண்டிய விட்டுட்டு நான் நகந்திருக்கக் கூடாது."

சுப்பராமன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. சும்மா இருந்தால் போதும், விஷயம் இத்தோடு முடிந்துவிடும். ஜும்மாவை விட்டுவிட்டு ஓடி வந்த மனிதர் பழியையும் சுமந்துகொண்டு ஊர் திரும்புவார். தான் நல்ல அப்பாவாக மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், சுப்பராமன் சும்மாதான் இருந்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

"அவரைத் திட்டாதீங்க மாப்ள" என்றார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. "பாதியில நிறுத்தச் சொன்னது நான்தான். ஒன்றரை வரைக்கும் எடுக்க வேணாம்னு அவர் என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு. நான் சாருகிட்ட சொல்லல."

சாரு அவரையே பார்த்தாள்.

"நான் ரெண்டு தடவ அடிச்சேனேப்பா."

"பாத்தேன்மா. எடுக்கல."

"ஏன்?"

ராகு காலம் என்று சொல்லலாம். டீக்கடை இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் நம்பிவிடுவாள், இன்னும் அப்பாவின் வார்த்தையை நம்புகிற பெண்தான். கையில் இருந்த பேத்தியை மெதுவாகக் கீழே இறக்கி விட்டார்.

"ஒரு மணிக்குள்ள நீ இங்க வந்து சேரக் கூடாதுன்னு."

மைதீன் எதையோ தேடுகிறவர்போல் எழுந்து தன் பைக் பக்கம் போய்விட்டார்.

சாரு அழவில்லை, கத்தவில்லை. குனிந்து முழங்கை மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இவர் வேலை இல்லாதத என்கிட்டருந்து மறைச்சாரு. நீங்க இதை மறைச்சீங்க. ரெண்டு பேரும் என் நல்லதுக்குத்தான்னு சொல்லுவீங்க" என்றாள். குரல் ஏறவே இல்லை.

ஜெயராம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சாரு, வேனை அனுப்பிட்டேன். நான் போகல. நீ என்ன சொல்றியோ அதுபடி நாளைக்கு..."

"வீட்டச் சுத்தமாக் காலி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"சாவிய ஓனர்கிட்ட குடுத்துட்டீங்களா?"

"இல்ல. மூணு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்னாரு." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

சாரு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். சுஷ்மாவை ஸ்கூட்டரின் முன்னால் ஏற்றி நிறுத்தினாள். ஹேண்டில் பாரை இடதும் வலதுமாகத் தானே ஆட்டிப் பார்த்துவிட்டு, மைதீன் நின்ற பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்த வீட்டுல நானும் சுஷ்மாவும் இருந்துக்கிறோம்" என்றாள் ஜெயராமிடம். "நீங்க இன்னைக்கே கோயம்புத்தூர் கிளம்புங்க. வேலைக்குப் போறீங்களான்னு தினம் போன் பண்ணி ஸ்கூல்ல கேப்பேன்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "எங்க துணிமணிய அம்மாகிட்ட குடுத்து விடுங்கப்பா. நீங்க கொண்டு வர வேணாம்."

வண்டி மலைப்பக்கமாகக் கிளம்பியது. புது டயர் இரண்டும் மண்ணில் பட்டையாகத் தடம் போட்டுக்கொண்டு போயின. சுஷ்மா திரும்பித் திரும்பிக் கையாட்டினாள். சுப்பராமனும் ஜெயராமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.